ரோஜாவுக்கு நடுவே சாக்கடை

காலை ஆறு பத்து. துடியலூர் பேருந்தில் பக்கத்து இருக்கைக் கல்லூரிப் பெண்ணின் கைப்பேசியில் ஒரு வாழ்த்துப் படம் தெரிந்தது. சுற்றிலும் ரோஜா, நடுவே மூடியில்லாத சாக்கடை, கீழே 'இனிய காலை வணக்கமுங்க'.

கேட்டதற்குச் சொன்னாள்: அந்தச் சாக்கடையில் விழுந்துதான் அவள் அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததாம். அதைக் கட்டிய ஒப்பந்ததாரரும் அவர் சொந்தக்காரர்களும் இருக்கும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குத் தினமும் அனுப்புகிறாள். மற்ற தெருப் பிள்ளைகளும் தங்கள் சாக்கடைகளை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது ஒப்பந்ததாரரே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலு தெருவுக்கும் நேத்தே மூடி போட்டாச்சு அம்மணி. சொந்தக்காரங்க சிரிக்கறாங்க, நிறுத்திப்போடு கண்ணு."

"ரொம்ப நன்றிங்க. எங்கம்மா எந்திரிச்சு நடந்ததும் நிறுத்திப்போடறனுங்க."

"இனி எதைப் படம் புடிச்சு அனுப்புவ?"

"எக்ஸ்ரே இருக்குதுங்க."

அவள் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

அம்மா இனி நடக்க மாட்டார் என்று மருத்துவர் போன மாதமே சொல்லிவிட்டதாக, இறங்கும்போது என்னிடம் சொன்னாள்.