அமலா எரிக்கோ வாசித்த ஞாயிறு

தவக்காலம் பிறந்தால் செஞ்சியில் அந்தச் சின்னக் கோயிலில் பைபிளைச் சத்தம்போட்டு வாசிப்பார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பகுதி என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார் உபதேசியார் பீமாராவ். போன வருஷம் அமலாவுக்கு, மாமியாரைக் கைவிடாத ரூத்தின் கதை வந்தது. சந்தோஷமாக வாசித்துவிட்டுப் போனாள். இந்த வருஷம் வந்தது யோசுவாவின் படையெடுப்பு.

"வேற மாத்திக் குடுங்கண்ணே."

"மாத்திக் குடுக்க இது இன்னா துணிக்கடையா? போய்ப் படிம்மா."

யோசுவாவின் படை ஆர்ப்பரித்ததும் எரிக்கோ நகரின் மதில் விழுந்ததில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. இடிந்த கோட்டை மதிலைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுகிறாள். மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள்தான் கண்ணை விட்டு அகலவில்லை. ஆண், பெண், கிழம், குழந்தை, ஆடு, மாடு, கழுதை என்று ஒன்றையும் அந்தப் படை விட்டுவைக்கவில்லை. ஆண்டவர் கட்டளை என்று எழுதியிருந்தது. அதைக்கூட வாசித்துவிடலாம். முடித்ததும் "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டும்; ஜனம் மொத்தமும் "இறைவா உமக்கு நன்றி" என்னும். எதற்கு நன்றி? ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவரை நம்பித்தானே அவள் முழங்கால் போடுகிறாள்? அந்த வரியை மட்டும் சொல்லிப் பார்க்காமல் புத்தகத்தை மூடினாள்.

மேல்சித்தாமூர் சாலையில் ராஜமதியின் எண்ணெய்ச் செக்கில் அமலாவுக்குப் பதினொரு வருஷ வேலை. ராஜமதி சமணக் குடும்பம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பைச் செக்கில் கொட்டுமுன் முறத்தில் பரப்பி, மயிலிறகால் வண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, வேப்பமரத்தடியில் விட்டுவர வேண்டும். அது அமலாவின் பொறுப்பு. பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அரிசியில் வண்டு கண்டால் வாசலுக்குக் கொண்டுபோவாள். "டிக்கெட் எடுத்துக் குடுத்து பஸ் ஏத்திவுடேன்" என்பான் புருஷன் அன்புமணி.

சனிக்கிழமை வண்டு தள்ளிக்கொண்டே எரிக்கோ கதையை ராஜமதியிடம் சொன்னாள்.

"உங்க சாமியா அப்பிடிச் சொன்னாரு?" ராஜமதி குத்தலாகக் கேட்கவில்லை.

"சொன்னாருன்னுதான் எழுதியிருக்குதும்மா. அதே சாமி, சிலுவையில அடிச்சவங்கள ஒரு வார்த்தை திட்டல. ரெண்டும் ஒரே புஸ்தகத்துல இருக்குது. நான் எதைப் புடிச்சிக்கறது?"

"உங்க புஸ்தகம் எனக்கு இன்னா தெரியும்? நாம இவ்ளோ பொறுக்கியும் செக்குல நாலு நசுங்கத்தான் செய்யுது. நசுங்கலன்னு நான் சொல்லிக்கறதில்ல. சாயங்காலம் உக்காந்து நசுங்கினதுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்."

மறுநாள் கோயிலில் அமலா வாசித்தாள். குழந்தைகள் வரை வந்த வாய், ஆடு மாடு கழுதையை ஒதுக்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவியது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை.

"யக்கா, கழுதைய வுட்டுட்டீங்க!" என்றான் பின்வரிசையில் ரஞ்சித். கோயிலே சிரித்தது. ஒரு வரி விட்டாலும் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும்; அது பீமாராவ் வைத்த சட்டம்.

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுதைக்கு இரங்கிய வாய், குழந்தைகளைத் தடங்கலில்லாமல் வாசித்துவிட்டதே என்று முகம் சுண்டியது.

இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். யாரையும் விடவில்லை. முடித்ததும் அருள்வாக்கு என்னும் அந்த வரி வாயில் வரவில்லை. "எரிக்கோவுல செத்தவங்களுக்காக" என்று சொல்லி, அடக்கத்தின்போது சொல்லும் இளைப்பாற்றி ஜெபத்தைத் தொடங்கினாள். எத்தனையோ கல்லறைகளில் சொல்லிப் பழகிய ஜனம், யோசிக்காமல் மறுபாதியைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் குழந்தைகளை ஜெபத்தில் யாரிடம் ஒப்படைத்தாளோ அவரை அவளுக்குத் தெரியும். கொல்லச் சொல்லி யோசுவாவின் காதில் விழுந்தது யார் குரல் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்றாள். நன்றி என்று ஜனம் சொன்னபோது அவளும் சேர்ந்து சொன்னாள்.

பீமாராவ் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "யாரும்மா அதைச் சொல்லச் சொன்னது?"

"செத்துட்டாங்கன்னா சொல்லணும் இல்லண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தபடி பக்கங்களைப் புரட்டினார். "எட்டாம் அதிகாரத்துல பன்னெண்டாயிரம் பேரு சாவறாங்க. அதுக்கப்புறமும் ஊர் ஊரா வருது."

"ஒவ்வொரு ஊருக்கும் சொல்லிடலாம்."

"அப்ப மத்தியானச் சோறு நாலு மணிக்குத்தான்" என்றவர், பின்வரிசைக்குத் திரும்பி, "எல்லாரும் வூட்டுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க" என்றார்.