தேர்க்கூட்டத்தில் பேசாத பிள்ளை

எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். கணவருக்கு மில்லில் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஆறு வயது இருக்கும்.

அவளுக்குச் சோறு ஊட்டுவது நான், சட்டைப் பொத்தான் போடுவது நான். யாராவது அவளிடம் பேர் கேட்டால்கூட, அவள் வாய் திறப்பதற்குள் நானே சொல்லிவிடுவேன். “ஏட்டி, அவகிட்டதான கேக்காக, அவளே சொல்லட்டும்” என்பார் கணவர். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பெற்ற பிள்ளைக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வதாம்?

அந்த வருடம் ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்கப் போனோம். வடம் பிடித்துத் தேர் நகர்ந்ததும் கூட்டம் முண்டியடித்தது. சரிந்த சேலையை இழுத்துச் செருகிவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம்.

கணவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். நான் ரத வீதியில் கண்ணில் பட்ட பச்சைப் பாவாடையை எல்லாம் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். தேர்ச் சக்கரத்தின் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே பயமாக இருந்தது. இதற்கு நடுவில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். “பேச்சு வராத பொம்பளப்பிள்ள ஒண்ணு நம்ம பந்தல்ல இருக்கு. பெத்தவுக வந்து கூட்டிட்டுப் போங்க.” பிள்ளை என்ன உடுத்தியிருக்கிறது என்றும் சொல்லியிருப்பார்கள். பேச்சு வராத என்றதுமே மீதியை என் காது வாங்கவில்லை. என் மகள்தான் வீட்டில் பெரிய வாயாடியாயிற்றே. பேச வராத பிள்ளையை இப்படியா கைவிட்டுவிட்டு நிற்பாள் ஒருத்தி என்று, அந்த நிலைமையிலும் முகம் தெரியாத அந்தத் தாயைத் திட்டினேன். அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போனேன், வந்தேன்.

கடைசியில் கால் ஓய்ந்துபோய், என் மகளைக் காணோம் என்று மைக்கில் சொல்லச் சொல்வதற்காக உள்ளே நுழைந்தேன். மேஜைக்குப் பின்னால் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த மிக்சர் பொட்டலம் மடியில் பிரிக்காமல் கிடந்தது.

மைக் பிடித்திருந்தவர் திகைத்துப்போனார். “இது பேசுமா தாயி? பேரு கேட்டாச்சு, ஊரு கேட்டாச்சு, அப்பா பேரும் கேட்டாச்சு. ஒண்ணுக்கும் வாயத் தொறக்கலையே.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை அடங்கியதும், “ஏன்டி ஒன் பேரச் சொல்லல?” என்று கேட்டேன்.

“நீ வந்து சொல்லுவேன்னு இருந்தேன்” என்றாள்.

இனி அவளே பேசும்படி பொறுமையாகப் பழக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அவளுக்கும் என் முகத்தைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பெண் பார்க்க வந்தவர்கள், “ஒனக்குச் சம்மதமாம்மா?” என்று அவளிடம்தான் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போன இடத்தில் அவள் நன்றாக இல்லை, அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் ரொம்ப நாள் இருந்திருக்கிறாள்.

கூட்டத்தில் தொலைத்த மகளை அன்று சாயங்காலமே மீட்டுவிட்டேன். ஆனால் பாசம் என்று சொல்லி அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்ட பேச்சை இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்ற வேதனை மட்டும் எனக்கு ஆறவே இல்லை.