வேர்வை வந்த நாள்

ரப்பர் விலை அடியோடு விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் டிரெஸ்ஸராக, டாக்டரின் உதவியாளாக இருந்தேன். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், குடற்புழுவுக்கு மருந்து ஊற்றுவதும் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நோய் எது, நடிப்பு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

ஒருநாள் தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டு, கப்பலில் திருப்பி அனுப்புவதற்காக வேலைக்கு உதவாதவர்களின் பட்டியல் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பெண் ஒருத்தியும் இருந்தாள்.

முப்பது வயதுகூட இருக்காது. ஒன்றரை வருடமாகவே அவளைப் பற்றிப் புகார்தான். காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்குக் கடைசி ஆளாக வருவாள். மற்றவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மர நிரையை வெட்டி முடித்துப் பால் எடுக்கத் தொடங்கும்போது அவள் பாதி மரங்களைத்தான் முடித்திருப்பாள். மேட்டு நிரையில் விட்டால் வழியிலேயே உட்கார்ந்துவிடுவாள். உடம்போ பெருத்துக்கொண்டே வந்தது. புருஷன் சோற்றையும் சேர்த்துத் தின்கிறாள் என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் மூன்று முறை வந்தாள். புழுமருந்து கொடுத்தேன், இரும்புச் சத்து மருந்து கொடுத்தேன், கொயினாவும் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது முறை, "உனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை, போய் வேலையைப் பார்" என்று அனுப்பிவிட்டேன். பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே சோம்பேறி என்று எழுதியதும் நான்தான்.

கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள் அவள். ஊரில் ஒருவரும் இல்லை. கணவன் நல்ல வெட்டுக்காரன், அவனைத் தோட்டம் விடாது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் தெரிந்தும் நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நடுப்பகல். எங்கள் டிஸ்பென்சரிக்குத் தகரக் கூரை. வரிசையில் நின்ற எல்லாருக்கும் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் வந்தாள், தனக்காக அல்ல. குழந்தைக்குக் காதில் சீழ். அந்த வெயிலில் தோளைச் சுற்றிக் கம்பளி போர்த்திக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து மேடேறி வந்திருந்தாள். மருந்து விடுவதற்காக அவள் கையைப் பிடித்து நகர்த்தினேன். திடுக்கிட்டுப் போனேன். கை சில்லென்று இருந்தது. தோல் வாழைச்சருகு மாதிரி வறண்டிருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

அவளை உட்காரச் சொல்லி நாடியைப் பிடித்தேன். மேடேறி வந்தவளுக்குப் படபடவென்று அடிக்க வேண்டிய நாடி, தூங்குகிற ஆளுடையதைப் போல மெதுவாக அடித்தது. வீங்கிய காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நான் தினமும் பார்க்கிற வீக்கத்தில் அழுத்திய இடம் குழிந்து நிற்கும். இவளுக்குக் குழியே விழவில்லை.

ஏதோ கேட்க உள்ளே வந்த என் மனைவி என்னைத் தனியாக அழைத்தாள். "இவளின்ரை குரலைக் கவனிச்சனீங்களோ? முந்தி இவள் கோயில்ல பாடினால் நான் வேலையை விட்டிட்டு நிண்டு கேப்பன். இப்ப ஆம்பிளைக் குரல் மாதிரிக் கிடக்கு."

என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாடியை யாராலும் நடிக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலமே துரையின் பங்களாவுக்குப் போனேன். ஒரு பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று பயந்துகொண்டே சொன்னேன். டிரெஸ்ஸர்களையும் வேலையை விட்டு நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கப்பலில் அவளை அனுப்பாமல் நிறுத்தி வைக்கலாம், அடுத்தது இரண்டு மாதத்தில், அதற்குள் முழு நிரை வெட்டினால் இருக்கட்டும் என்றார்.

தோட்டத்து டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, அவளையும் கணவனையும் பஸ்ஸில் மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர் இருந்தார். அவளைப் பேசச் சொன்னார். நாக்கைப் பார்த்தார், உதிர்ந்துபோன புருவத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, இது எப்போதிலிருந்து என்று கேட்கச் சொன்னார்.

"புள்ள பொறந்து ஆறு மாசம் கழிச்சுங்க. அதுக்கு முந்தி நான்தான் மொத ஆளா பால் கொண்டாந்து ஊத்துவேன்" என்றாள் அவள்.

அவள் என்னிடம் வந்த நான்கு தடவையும் இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

டாக்டர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். தைராய்டு என்று ஒரு சுரப்பி இங்கே இருக்கிறது, சாப்பிட்டதை உடம்பு சூடாகவும் பலமாகவும் மாற்றுகிற வேகம் அதன் கையில்தான் இருக்கிறது, இவளுக்கு அது வேலை செய்யவில்லை என்றார். பெண்களுக்குத்தான் இது அதிகம் வருமாம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருவதும் உண்டாம். நான் அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன்: "அடுப்பில விறகு கிடக்கு, நெருப்புத்தான் இல்லை. அதுதான் உனக்கு ஏலாமக் கிடந்தது. நீ சோம்பேறி இல்லை."

அவள் அழவில்லை. கணவன்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டின் அதே சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரையைக் கொடுத்தார்கள். ஆடு என்றதும் அவள் முகத்தில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். "இதத் தின்னா ஆடு மாதிரி மலையேறிடுவேனா ஐயா?" உடனே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மருந்தும் நடையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட வேண்டும், அவசரப்பட்டால் நெஞ்சு தாங்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காலையில் எழுந்திருக்கவில்லை என்று அவளை அடித்திருக்கிறேன் என்றான். எனக்கும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதை விட்டு, மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. தினமும் நானே கையில் மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்தேன். கங்காணியிடம் சொல்லி நாற்றங்காலில் புல் பிடுங்கும் வேலைக்கு மாற்றினேன். ஆட்டு மருந்து என்று லயத்தில் கேலி செய்தார்கள். சாயங்காலங்களில் என் மனைவி அவளைத் தோட்டத்துச் சடக்குச் சாலையில் நடக்க அழைத்துப் போவாள். முதலில் ஆபீஸ் வரை, பிறகு பால் ஸ்டோர் வரை, பிறகு பாலம் வரை. கப்பலுக்கு இருந்த நாட்களை எண்ணிக்கொண்டு உள்ளுக்குள் பயந்தது நான்தான்.

ஐந்தாவது வாரம் ஒரு பகல், மேட்டில் யாரோ வேகமாக ஏறி வருவது தெரிந்தது. எங்கோ விபத்து என்று எண்ணி வாசலுக்கு ஓடினேன். அவள்தான். கம்பளி இல்லை. மூச்சு வாங்க வந்து, நெற்றியைத் துடைத்த உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"ஐயா, வேர்க்குது! பாருங்க, எனக்கு வேர்க்குது!"

வரிசையில் நின்றவர்கள் விழித்தார்கள். வேர்த்ததற்கு ஒருத்தி இப்படிக் குதிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், கண்ணும் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் தெளிந்தாள். வீக்கம் வடிந்தது. முதலில் சமதரையில் பாதி நிரை, பிறகு முக்கால். கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழு நிரையையும் வெட்டி, மற்றவர்களோடு சரியாகப் பாலைக் கொண்டுவந்து ஊற்றினாள். துரை என் எதிரிலேயே பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

இனியும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் மாத்திரைக்கு வந்தபோது, உன்னைப் பட்டியலில் எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் ஐயா. அன்னிக்கே ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

"தெரிஞ்சுமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னட்ட வந்தனீ?"

அவள் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தாள். "புள்ளைக்குக் காது வலி. வேற யாருகிட்டங்க போவேன்?"

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். இப்போது வேறு தோட்டத்தில் இருக்கிறேன். அவள் இன்னும் அங்கேதான் மரம் வெட்டுகிறாள், கோயிலில் மறுபடி பாடுகிறாள் என்று என் மனைவிக்குச் சேதி வருகிறது. "முடியல ஐயா" என்று யார் வந்து நின்றாலும், என்னை விட்டால் இவர்களுக்கு வேறு இடமில்லை என்ற நினைவு வந்துவிடுகிறது; அதனால் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலில் அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்கிறேன்.