மூன்று விரல் சாம்பல்

கிருபானந்தனுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கனடாவில், மொன்ட்ரியால் துணி ஆலையொன்றில் வருடக்கணக்காக ஓடி ஓடி வேலை செய்த கால்கள் அவை. ஆலை மூடிய பிறகு அகப்பட்டது, ஆற்றைத் தாண்டி ஒரு சின்ன ஊர் மியூசியத்தில் காவல் வேலை. இரண்டு அறைப் படங்களையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மாதான் அவனுக்குப் பெரும்பாடு. வேலையும் தற்காலிகம். நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதை அன்றைய திறப்பு விழா முடிந்ததும் சொல்வதாகப் பொறுப்பாளர், பற்றிக் என்ற வெள்ளைக்காரர், சொல்லியிருந்தார்.

விழா, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஓவியர் ஒருவருக்கு. மனுசன் தூரிகையை எறிந்துவிட்டு நெருப்பாலும் புகையாலும் படம் செய்தவராம். சுவரில் கருகிய பெரிய துணி ஒன்று. அதற்கு முன்னால் பீடத்தில், பித்தளைத் தட்டம் நிறைய வெண்சாம்பல், சீவி மட்டமாக்கியபடி.

வேலையாட்களின் குடும்பங்களுக்கும் அழைப்பு இருந்தது. மனைவி தாட்சாயினி மொன்ட்ரியால்-நோர் வீட்டிலிருந்து சேலையும் பனிச் சப்பாத்துமாக வந்து சேர்ந்தாள். அவளுடைய கோட்டைக் கொக்கியில் கொழுவிவிட்டுக் கிருபானந்தன் திரும்பினால், சப்பாத்து வாசலில் கிடக்கிறது. அவள் தட்டத்துக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்கிறாள். நெற்றியில் மூன்று குறி.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"திருநீறு வைச்சிருக்கினம், பூசினன்."

"அது படமப்பா."

"படம் சுவரிலயெல்லோ கிடக்கு."

"நெத்தியில இருக்கிறதைக் கெதியா அழியும்."

"பூசினதை அழிக்கிறதோ? விசரே உங்களுக்கு?"

தட்டத்தில் மூன்று விரல் இழுத்த தடம் ஆழமாகக் கிடந்தது. ஜெர்மனியில் எரிந்த எந்த வீட்டின் சாம்பலோ, யார் கண்டது? தடவி மட்டமாக்கக் கிருபானந்தனின் கை போனது. இன்னும் கெட்டுவிடுமென்று திரும்பி வந்தது. அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தட்டத்தை முதுகால் மறைத்து நின்றுகொண்டான். கால் மாற்றினான். பற்றிக் ஒவ்வொரு படமாக விளக்கிக்கொண்டு, கூட்டத்தோடு அவனை நோக்கியே வந்தார்.

"கிருபா, கொஞ்சம் விலகுங்கள்."

விலகவில்லை. பற்றிக் மறுபடி சொன்னார்.

"என் மனைவி தொட்டுவிட்டாள்," என்றான் தெரிந்த பிரெஞ்சில். "எங்கள் கோயிலில் சாம்பலை இப்படித்தான் வைப்பார்கள். நான் கவனித்திருக்க வேண்டும்."

பற்றிக் தட்டத்தையும் தாட்சாயினியின் நெற்றியையும் பார்த்தார். பீடத்தின் பின்னாலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்து, இரண்டு இழுப்பில் மட்டமாக்கினார். "எந்த ஊரில் வைத்தாலும் அந்த ஊர்ச் சாம்பலால் நிரப்ப வேண்டும் என்பது ஓவியரின் விருப்பம். இது என் வீட்டு விறகடுப்புச் சாம்பல்," என்றார். கூட்டம் சிரித்தது.

பிறகு கிருபானந்தனின் காதோடு, "சாம்பல் பரவாயில்லை. ஆனால் இவ்வளவு நேரமும் நீங்கள் மற்ற அறைப் பக்கம் போகவேயில்லை. இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாகவே இருங்கள், பார்ப்போம்."

தாட்சாயினி கிட்ட வந்தாள். "என்னவாம்?"

"அது அந்தாளின்ர வீட்டு அடுப்புச் சாம்பலாம்."

அவள் சேலைத் தலைப்பால் நெற்றியைத் தேய்த்துத் துடைத்தாள். "கோழி பொரிச்ச அடுப்போ, என்ன கோதாரியோ. வேலை என்ன மாதிரி?"

"இன்னும் மூண்டு மாசம் பாப்பினமாம்."

"அப்ப நில்லுங்கோவன்."

எங்கே நிற்பது? அடுத்த அறையில் ஒரு கிழவர் படத்தைத் தட்டிப் பார்க்க விரலை மடக்கிக்கொண்டிருந்தார். கிருபானந்தன் ஓடினான்.