அசையாதீங்க மாமா

தெருவில் அந்த ஃபோட்டோக்காரருக்கு ‘ஸ்டில்’ என்றுதான் பேர். ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து ஒரே கம்பெனி கேமரா. ஃபோட்டோ என்றால் அந்தக் கம்பெனிக்காரன் கில்லாடி, வீடியோ என்றால் கையை விரித்துவிடுவான். படம் மங்கும், சூடேறிப் பாதியில் நின்றுபோகும். தொழிலில் இருந்த மற்றவர்கள் எல்லாம் வேறு கம்பெனிக்குத் தாவியாயிற்று. இந்த மனுஷர் மட்டும், “அடுத்த மாடல்ல பாருங்க, கலக்கிடுவான்” என்று நகத்தைக் கடித்தபடி காத்திருந்தார். கட்டின பெண்டாட்டியைக்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

ஒருவழியாக அந்த மாடலும் வந்தது. வந்த வாரமே மாமனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

“அப்பா சிரிக்கிறத ஃபோன்ல எடுத்து வச்சுக்கிறேன்” என்றாள் மனைவி.

“ஃபோன்லயா? அப்போ நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் ஃபோனை உள்ளே வைத்துவிட்டாள்.

நாற்காலியை ஜன்னலோரம் போட்டார், நகர்த்தினார், திரும்பவும் பழைய இடத்திலேயே போட்டார். திரைச்சீலையை மூடினார், திறந்தார். ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. எடுத்து முடிப்பதற்குள் மாமனாருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனிக்காரன் சொன்னபடியே செய்திருந்தான். கண்ணிமை முடிகூடத் தெரிந்தது, சத்தம் கணீரென்று கேட்டது. கேட்டதெல்லாம் ஸ்டில்லின் குரல்தான். “முகவாயத் தூக்குங்க. தோள இறக்குங்க. அசையாதீங்க மாமா.” மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு துண்டும் அப்படியே. மனிதர் மூச்சை விட்டுச் சிரிக்க வாய் திறக்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடும். ஃபோட்டோ எடுத்துப் பழகிய விரல், சிரிப்பு வருகிறதென்றால் தானாகப் பொத்தானை அமுக்கிவிடும்.

“சிரிக்கப் போறாரு, அங்கதான் நிறுத்தியிருக்கீங்க” என்றாள் மனைவி.

“கேமராவுல...” என்று ஆரம்பித்தார். இந்த முறை பழி போட ஆளில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். போகிற வழியில் ஃபோனையும் எடுத்துக்கொண்டாள். ஸ்டில் பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

மாமனார் திரையில் தன்னையே பார்த்தார். “ஏம்மா, இதுல நான் உயிரோடதானே இருக்கேன்?” என்றார். பிறகு சிரித்தார். இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார். எதிரே மகளின் கையில் ஃபோன் ஓடிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் போதவில்லை, அவள் கை வேறு ஆடியது. ஸ்டில் மூச்சுவிடவில்லை.