கோரைக்கு நான் போட்ட விலை

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு என் மகள் முதல் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஓடையோரக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர்.

போன மாதம் அந்த ஓடையைச் சீர்படுத்துவதாகச் சொல்லி, கோரையை வேரோடு எடுக்க எஸ்டிமேட் போட்டவன் நான்.

எஸ்டிமேட் போடப் போன அன்று ஓடைக் காவல்காரர் என்னை வழிமறித்தார். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். கோரையைத் தாண்டி வரும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

"மேல இருக்கிற சத்திரத்து அழுக்கெல்லாம் இதுதான் சார் வடிகட்டுது. இதுக்கு என்னா வெலை போட்டீங்க?"

"பாய் பின்றவங்க குடுக்கிற வெலைதான்யா."

"அது கோரைக்கு சார். அது செய்யிற வேலைக்கு?"

"புல்லுக்குச் சம்பளமா? மனு போடச் சொல்லு!"

சிரித்துக்கொண்டே, வெட்டுவதால் வரும் நஷ்டம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமே கோரையை வேரோடு எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மகள் கண் விழித்தாள். சாயங்காலம் ஓடைக் காவல்காரர் முழங்கால்வரை சேற்றோடு வார்டு வாசலில் வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாப்பாவுக்குப் பரவால்லீங்களா சார்? மேலண்டையில வெட்டாத எடத்துலேர்ந்து கோரை வேர் கொண்டாந்து நட்டிருக்கேன். அது புடிக்கிற வரைக்கும் தண்ணிய காய்ச்சிக் குடுங்க."