மழையில் உப்பு வாரப் போன தம்பியும் சகாயமேரி மேடமும்

சகாயமேரி மேடம் போய்விட்டாராம்... காலையில்தான் போன் வந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடம் மெட்ராஸில் சோஷியல் ஒர்க் புரொபசர். கிராமத்து ஜனங்களின் மனசு பற்றித்தான் காலம் முழுக்க ரிசர்ச். சுனாமிக்கு அடுத்த கோடையில், 2005-ல், மரக்காணம் உப்பளத்துக்கு, யாருக்கு மனசு சரியில்லை என்று கண்டுபிடிக்கும் கேள்வி பேப்பரோடு வந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுதா?" இப்படி ஒரு கேள்வி.

வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும். எங்களில் யார் விடிந்த பிறகு எழுந்தோம்? எல்லோரும் ஆமாம் என்றோம்.

"ஏம்மா, நீங்க எழுதறதப் பாத்தா அளத்துல இருக்கிற அத்தன பேரும் பைத்தியம்னு ஆயிடும் போலிருக்கே!" என்றேன். மேடம் சிரித்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வியைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

என் தம்பி ஏழுமலைக்கும் அடித்தார். மீன் வாங்கக் கரைக்குப் போன பெண்டாட்டியை அலைக்குக் கொடுத்தவன்...

ஐப்பசியில் மறுபடி வந்தார். அடைமழை. "தம்பி எங்கண்ணே?"

"அளத்துக்குப் போயிருக்கான் மேடம். டெய்லி இருட்டோடவே எழுந்து போயிடறான்."

மேடம் பேனாவை மூடினார். "அளம் முழுக்கத் தண்ணி நிக்குதே. என்ன வேலைக்குப் போறாரு?"

ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்... கேட்கத் தோன்றவில்லை.

மேடம் செருப்பை உதறிவிட்டு வரப்பில் ஓடினார். பின்னாலேயே நான். கடைசிப் பாத்தியில், முழங்கால் தண்ணீரில், தம்பி உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு வைத்தால் கால்வாய். கரை முட்ட ஓடியது.

"அண்ணே, உப்பு இன்னும் விளையலண்ணே. அவ வந்து கேட்டா என்ன சொல்றது?"

மேடம் புடவையோடு இறங்கினார். "விளையட்டும் ஏழுமலை. நானும் நிக்கறேன்."

ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்கே தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

"தப்பு என்னுதுண்ணே, அந்தக் கேள்விய தம்பிக்கும் அடிச்சிருக்கக் கூடாது," என்றார் வண்டியில். அடுத்த வருஷப் பேப்பரில் 'இது உப்பு சீசனா, மழைக்காலமா?' என்று ஒரு கேள்வி சேர்த்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார்.

ரிடயர் ஆன பிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு போன் பண்ணுவார். "ஏழுமலை, மாத்திரை?" அவர் கேட்பார் என்பதற்காகவே தினமும் போடுவான். நான் சொன்னால், "நீ என்ன டாக்டரா?" என்பான்.

நாளைக்கு முதல் ஞாயிறு. தம்பி தன் போனை இப்போதே சார்ஜில் போட்டுவிட்டான்... அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

போய்ட்டு வாங்க மேடம்.